செவுளுக்குப் பின்னால் ஒரு பொட்டு

சென்ற வாரம் பெரம்பலூரில் ஒரு மீன் கடையில், தெர்மாகோல் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்று ஒரு மீனுக்கு என் போனைக் காட்டிக்கொண்டிருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் மகள் போன தடவை வந்தபோது அதில் எதையோ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். செடியைக் காட்டினால் செடியின் பெயரைச் சொல்லும், பறவையைக் காட்டினால் பறவையின் பெயரைச் சொல்லும். எங்கள் வாசல் வேம்பைக் கறிவேப்பிலை என்று அது சொன்ன நாளிலிருந்து எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளாமல் துணிந்து ஏதாவது சொல்லிவிடுவது எங்கள் குடும்பத்துக் குணம்.

மீனைப் பார்த்து அது முதலில் கரண்டி என்றது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். சமையல் பாத்திரம் என்றது. கடைக்காரர் வெட்டுகிற கையை நிறுத்திவிட்டு, “சார், வாங்கப் போறீங்களா, இல்ல அதுக்கு ஆதார் கார்டு எடுக்கறீங்களா?” என்றார். வாங்கத்தான் வந்தேன். இப்போதெல்லாம் சமையல் நான்தான்.

பக்கத்தில் சிமென்ட் பூத்த கைகளோடு ஒரு வங்காளத்துக் கொத்தனார் நின்றிருந்தார். அந்த வெள்ளி நிற மீனைப் பார்த்ததும் “இலிஷ்” என்று சொல்லி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அதைத் தூக்கி மூக்குப் பக்கம் கொண்டுபோனார். எனக்கும் நீட்டினார். ஐஸும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆற்றுச் சேறும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப் பயந்துவிட்டார்.

அந்த மீனுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. உள்ளம். நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்தப் பெயரால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

பெரம்பலூர்க்காரர்களுக்கும் மீனுக்கும் உள்ள உறவு தூரத்துச் சொந்தம் மாதிரி, விசேஷத்துக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி. எங்களுக்குக் கடல் இல்லை. ஊருக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஆறு இல்லை. ரயிலும் இல்லை. மீன் எங்களைப் போலவே பஸ்ஸிலும் லாரியிலும் களைத்துப்போய் வந்து சேரும். ஏரியில் பிடித்தது ஏரி மீன், மற்றதெல்லாம் கடல் மீன். அதற்கு மேல் பெயர் கேட்டால், “முள்ளு இருக்குமா, இருக்காதா, அதச் சொல்லு” என்பார் என் அம்மா.

அப்போது நான் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ‘இரு உள்ளங்கள் இணையும் இனிய திருநாள்’ என்று தட்டுவதுதான் வேலை. யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் வாயால் சொல்லாத சொல் அது. பேச்சில் எங்களுக்கு மனசுதான். மனசு கேட்காது, மனசு வராது, பெரிய மனசு பண்ணணும். உள்ளம் என்பது பத்திரிகையிலும் கோயில் பிரசங்கத்திலும் மட்டும் குடியிருந்தது. ஊருக்கெல்லாம் உள்ளங்களை இணைத்துக்கொண்டிருந்த எனக்குப் பெண் அமையவில்லை என்பதில் அச்சக முதலாளிக்கு ஓயாத சிரிப்பு.

பெண் அமைந்தது ஏலாக்குறிச்சிக்கு அந்தப் பக்கம், கொள்ளிடக் கரையோரம் ஒரு சின்ன ஊரில். நாங்கள் வேதக்காரர்கள். மாதா கோயில் திருவிழாவுக்கு பஸ் ஏறிப் போன அம்மா, திரும்பி வரும்போது ஒரு சம்பந்தத்தோடு வந்தார். பேசி முடித்தது அந்த ஊர் உபதேசியார். சாமியார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஜெபம் சொல்லிவைக்கிறவர். பாவம், அந்தப் பழக்கத்தில் டீ சொன்னால்கூட வேதாகமத் தமிழில்தான் சொல்வார். பெண்ணின் பெயர் பிலோமினாள் என்றும், அவள் அப்பா பெயர் இருதயராஜ் என்றும், பிலோமி என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும் தெரிந்துகொண்டோம். போட்டோவில் அவள் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடித்திருந்தது.

பூ வைக்கப் போகிற தேதி குறித்தாயிற்று. ஆடி மாதம். எங்களுக்கு ஆடி ஒன்றும் செய்யாது. அந்த வாரம் உபதேசியார் அச்சகத்துக்குப் போன் செய்தார். “தம்பி, பெண் வீட்டார் பட்டு, நகை முதலான எதையும் எதிர்பார்க்கவில்லை. வரும்போது ஒரு உள்ளம் கொண்டுவந்தால் போதும் என்று உரைக்கிறார்கள்” என்றார்.

நான் வீட்டில் போய்ச் சொன்னதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எப்பேர்ப்பட்ட மனுசங்க பாரு. நகை வேணாங்கறாங்க, நட்டு வேணாங்கறாங்க” என்று தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் சூசை மாமா அப்படிச் சும்மா விடுகிற ஆள் இல்லை. சூசை மாமா அம்மாவின் தம்பி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தொழில். எரிந்துபோன எதையும் திரும்ப ஓடவைத்துவிடலாம் என்று நம்புகிறவர்.

“உள்ளம்னா என்னடா?”

“மனசு.”

“மனசுன்னா?”

“மனசுதான் மாமா.”

“இருதயம்டா. பொண்ணோட அப்பா பேரு என்ன?”

“இருதயராஜ்.”

“இப்பப் புரியுதா? திரு இருதய ஆண்டவர் படம் கேக்குறாங்க. வாய் தொறந்து கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு சூசகமாச் சொல்றாங்க.”

இதில் எந்த இடத்தில் தவறு என்று என்னால் அன்றைக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது.

படம் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கண்ணாடி போட்ட படத்தோடு மாமா நிற்கவில்லை. ஆண்டவரின் இருதயம் இருக்கிற இடத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு பல்பைப் பொருத்தி, பேட்டரி வைத்து, சட்டத்தின் அடியில் ஸ்விட்சும் வைத்துவிட்டார். அம்மா, நான், மாமா, கூடவே அந்தப் படம், எல்லாரும் அரியலூர் போய் பஸ் மாறினோம். படத்தை ஒரு சீட்டில் சாய்த்து வைத்திருந்தோம். கண்டக்டர் வந்தார்.

“படத்த மடியில வைங்க. சீட்டுல வச்சா டிக்கெட் எடுக்கணும்.”

“ஆண்டவருக்கா டிக்கெட்டு?” என்றார் மாமா.

“ஆண்டவரு எங்க எறங்கறாரு?”

“ஏலாக்குறிச்சி தாண்டி.”

“அப்ப லக்கேஜு.”

பின் சீட்டிலிருந்த ஒரு பெரியம்மா இதைக் கேட்டுக் கொதித்துப்போய் எழுந்து, தன் இடத்தை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். வழியில் ஏறியவர்கள் தொட்டுக் கும்பிட்டார்கள். யாரோ பூக்கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகை சாத்தினார்கள். இறங்கும்போது எங்களைவிட அது ஜோராக இருந்தது.

பெண் வீட்டில் கூட்டம். கொல்லைப் பக்கம் அரிவாள்மனை கழுவி வைத்திருந்தது. அம்மியில் அரைத்த மசால் உருண்டை, ஊறவைத்த புளி, பெரிய மண்சட்டி. நாங்கள் நுழைந்த கூடத்துச் சுவரில் ஏற்கெனவே மூன்று திரு இருதயப் படங்கள் தொங்கின. இருதயராஜ் வெள்ளை வேட்டியில் முன்னால் வந்து, கைகூப்பி, “வாங்க, வாங்க. உள்ளம் கொண்டாந்தீங்களா?” என்றார்.

“கொண்டாராம வருவமா?” என்று மாமா துணியை விலக்கினார்.

எல்லாரும் சுவரில் தொங்கிய மூன்றையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நிலைமையைச் சமாளிக்க மாமா ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது.

நல்ல வேளை, அது ஆண்டவர் படமாகப் போயிற்று. முன்னால் நின்று திட்ட முடியாது. இருதயராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கால் போட்டார். அவர் போட்டதால் எல்லாரும் போட்டார்கள். உபதேசியார் நீளமாக ஒரு ஜெபம் சொன்னார். நடுவில் யாரோ விம்முகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அடுக்களை நிலையில் சாய்ந்து முழங்காலில் இருந்த பிலோமி, சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்னைப் பார்த்ததும் அடக்க முடியாமல் இன்னொரு விம்மல். பக்கத்திலிருந்த கிழவி, பக்தி மேலிட்டு அழுகிறாள் என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அந்த இடத்தில் முடிவாகிவிட்டது. இவளைக் கட்டாமல் நான் ஊருக்குத் திரும்பினால், மிச்ச ஆயுளுக்கும் அடுத்தவர்கள் உள்ளத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஜெபம் முடிந்து எழுந்ததும் இருதயராஜ் வேட்டியைத் தட்டிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “மீனு எங்கங்க?”

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விளங்கவைத்தார். “கடல்ல கெடக்கற மீனுங்க அது. ஆத்துல புதுத்தண்ணி வந்தா முட்டை வுட ஏறி வரும். அணைக்கரை வரைக்கும் வரும். அதுக்கு மேல அணை தாண்ட முடியாம முட்டிக்கிட்டு நிக்கும். அங்கேருந்து எங்க ஊரு வரைக்கும் மீதி வழிய மாப்ள வூட்டுக்காரங்க தூக்கியாரணும். சினை மீனு வூட்டுக்குள்ள வந்தாதான் பொண்ணு வெளிய போவும். எங்க பாட்டன் காலத்துலேருந்து இதாங்க வழக்கம்.”

“மூணு படம் இருக்கறப்ப நாலாவதா எதுக்குக் கேக்கப் போறாங்கன்னு யோசிக்க வேணாமா?” என்று அம்மா மாமாவைக் கிள்ளினார். மாமா, “எனக்கு என்ன சுவரு தெரிஞ்சுதா?” என்றார்.

அன்றைக்கு அரைத்த மீன் மசாலாவில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்கள். வாழ்க்கையில் அவ்வளவு ருசியான கத்தரிக்காயை, அவ்வளவு அவமானத்தோடு சாப்பிட்டதில்லை. கிளம்பும்போது இருதயராஜ் வாசல்வரை வந்தார். கோபமாக இருந்தால் பரவாயில்லை, மரியாதையாக இருந்தார். “காரைக்கால் பக்கத்துலேருந்து ஒரு வரன் கேட்டுக்கிட்டு இருக்காங்க. கடலோரத்து ஆளுங்க, மீனு அவங்களுக்குப் பெரிய விசயமில்ல. ஆத்துல தண்ணி ஓடற வரைக்கும் பாக்கறேங்க” என்றார்.

“அது உள்ளந்தான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டேன். எனக்கே என் குரல் அழுகிற மாதிரி கேட்டது.

அவர் ஞானோபதேசம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். “வயித்தோரம் தடவுனா அரம் மாதிரி அறுக்கும். மேல் ஒதடு நடுவுல பொளந்துருக்கும். செவுளுக்குப் பின்னால ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். இந்த மூணும் இருந்தா உள்ளம்.”

மறுநாள் அச்சகத்தில் வேலை ஓடவில்லை. ‘இரு உள்ளங்கள் இணையும்’ என்று தட்டினால் இரண்டு மீன்கள் வாயோடு வாய் வைத்துக்கொண்டு திரையில் நின்றன. கம்ப்யூட்டரில் உள்ளம், மீன் என்று போட்டுத் தேடினேன். மீன ராசிக்காரர்கள் இந்த மாதம் உள்ளம் கவர்ந்தவரை அடைவதில் தடை ஏற்படும் என்று வந்தது. நான் மீன ராசி இல்லை, இருந்தாலும் பயமாக இருந்தது.

அந்தச் சமயம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் தங்கை நிக்காஹ் பத்திரிகைக்காக வந்திருந்தார். துபாயில் இருப்பவர், லீவுக்கு வந்தவர். நான் அடையாளத்தைச் சொன்னதும் சிரித்தார். “அட, எங்க ரூம்ல பங்காளிங்க உசுர வுடற மீனு தம்பி அது. பங்காளின்னா பங்களாதேஷ்காரங்க. இலிஷுன்னுவாங்க. சுபஹானல்லா, அதுல இருக்கற முள்ளு ஒரு கருவ மரத்துல இருக்காது.” எங்கள் ஊர் ஆற்றிலும் அது வரும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. “பங்காளிக்கிட்டச் சொன்னா அடிக்க வருவான்” என்றார். பங்காளி அடிக்க வருவது எங்கள் ஊரில் புதிதில்லை என்பதால் அந்தப் பேச்சை அங்கே விட்டுவிட்டோம்.

அந்த வருஷம் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் விட்டிருந்தார்கள். எத்தனை நாள் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. நானும் சூசை மாமாவும் ஒரு ஒயர் கூடையோடு அணைக்கரைக்குக் கிளம்பினோம். ஜெயங்கொண்டம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மாமா பஸ்ஸில் எழுந்து நின்று, “எறங்குடா, எறங்குடா” என்றார். மீன்சுருட்டி. “பேருலயே மீன வச்சிருக்கான். இங்க இல்லாத மீனா?”

இறங்கினோம். இரண்டு பக்கமும் வயல். டீக்கடைக்காரரிடம் மாமா ரகசியமாக, “இங்க மீனு எங்கங்க சுருட்டுறாங்க?” என்று கேட்டார். டீக்கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “மீனா? அது அணைக்கரையிலேருந்து வண்டியில வருங்க. இங்க எல்லாம் கரும்பு, நெல்லு” என்றார். “பெரம்பலூருலேருந்து வர்றோம். அப்ப எதுக்குங்க அந்தப் பேரு?” என்று மாமா சண்டைக்குப் போனார். “பெரம்பலூருல பெரம்பு விக்கிறீங்களா?” என்று கேட்டார் அவர். மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய் நின்றார்.

அணைக்கரையில் மதகுக்குக் கீழே தண்ணீர் இரைச்சல். கரையோரம் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். கூடை கூடையாகக் குனிந்து கேட்டோம். உள்ளம் என்றதும் ஒருத்தர், “மனசு நெறைய இருக்கு, மீனுதான் இல்ல” என்றார். கடைசியில் ஒரு அம்மா சாக்கைத் தூக்கிக் காட்டினார். வெள்ளியில் வார்த்த மாதிரி அகலமாக ஒரு மீன். அது ஒன்றுதான் இருந்தது.

“இது என்ன மீனுங்க?”

“நீங்க என்ன மீனு தேடுறீங்க?”

“உள்ளம்.”

“அப்ப உள்ளந்தான்.”

மாமா உட்கார்ந்து அதன் வயிற்றோரம் விரலை ஓட்டினார். சதக்கென்று அறுத்து ரத்தம் வந்தது. “அரம் இருக்குடா!” என்று விரலைத் தூக்கிக் காட்டினார். சந்தோஷத்தில் அவருக்கு வலி தெரியவில்லை. மேல் உதட்டை நானும் அவரும் மாறி மாறிப் பார்த்தோம். பிளவு என்றால் பிளவு, மடிப்பு என்றால் மடிப்பு. செவுளுக்குப் பின்னால் ஒன்றும் காணவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டால், “பொட்டெல்லாம் செதிலோட போயிரும்யா. நீங்க கொழம்பு வக்கப் போறீங்களா, இல்ல பொண்ணு பாக்க வந்தீங்களா?” என்றார். இரண்டும்தான் என்று எனக்கு வாய்வரை வந்தது.

ஐஸில் புதைத்து எடுத்துக்கொண்டு மேற்கே திரும்பினோம். கடலிலிருந்து அவ்வளவு தூரம் நீந்தி வந்த மீனை, மீதி வழிக்கு நாங்கள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பது அப்போது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகத் தோன்றியது. கூடையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். பேன்ட் முழுக்க ஐஸ் தண்ணீர். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மாமா, “நீ போயி பஸ்ஸு எப்பன்னு கேட்டுட்டு வா” என்று என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது வளையல் கடைப் பக்கமிருந்து அவர் வேகமாக வந்து கூடை மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மீன் மேல் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் வீட்டில் இந்தத் தடவை இன்னும் பெரிய கூட்டம். அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். சேதி பரவியிருந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி அதன்மேல் மீனை வைத்தார்கள். சுற்றி ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். இருதயராஜ் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். வயிற்றைத் தடவி, தலையை ஆட்டினார். ஒன்று சரி. உதட்டுக்கு டார்ச் லைட் கொண்டுவரச் சொன்னார். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்து, மீனின் வாய்க்குள் பேசுகிற மாதிரி, “பொளவாட்டம்தான் இருக்கு”, “பொளவுன்னுதான் சொல்லணும்” என்றார்கள். இரண்டும் சரி. பிறகு செவுள். அதற்குப் பின்னால் வட்டமாக, கருகருவென்று, ஒரு பொட்டு! அணைக்கரையில் பார்த்தபோது இல்லாதது எப்படி வந்தது என்று யோசிக்கக்கூட இல்லை. கடவுள் செயல் என்று நினைத்தேன்.

இருதயராஜ் அந்தப் பொட்டை ஆசையாகக் கட்டைவிரலால் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. எல்லாருக்கும் தெரியும்படி அந்த விரலைத் தூக்கிப் பிடித்தார்.

மாமா கூரையைப் பார்த்தார். அப்போதுதான் வளையல் கடை எனக்கு விளங்கியது. கண்மை.

என் கல்யாணம் அந்தக் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. காரைக்கால்காரன் முகம் தெரியாத முகத்தோடு என் கண் முன்னால் வந்து சிரித்தான். இருதயராஜ் வாயைத் திறக்கப் போனார்.

“திருஷ்டிப் பொட்டுப்பா” என்றது அடுக்களைப் பக்கமிருந்து ஒரு குரல்.

பிலோமி வெளியே வந்தாள். “வரிசைக்கு வர்ற மீனு, மூணு பஸ்ஸு மாறி வருது. எத்தினி பேரு கண்ணு பட்டுருக்கும்? புள்ளைக்கு வக்கிறாப்ல வச்சிருப்பாங்க” என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். “திருஷ்டி என்பது நம் விசுவாசத்துக்கு விரோதமானது அல்லவா?”

“மீனுக்கு நாம என்ன ஞானஸ்நானமா குடுத்துருக்கோம், உபதேசியாரே? அதுபாட்டுக்கு எந்த விசுவாசத்துலயோ இருந்துட்டுப் போவுது” என்றார் இருதயராஜ். ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. “கழுவிக் கொண்டா. அடியில பொட்டு இருக்கான்னு பாத்துருவோம்” என்றார்.

அவள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்திருந்தார். பைப்பில் தண்ணீர் விழுகிற சத்தம், அப்புறம் வேறு என்னவோ சத்தம். ரொம்ப நேரம் கழித்து அவள் சட்டியோடு வந்தாள். சட்டிக்குள் மீன் துண்டு துண்டாக, மஞ்சள்தூள் பூசி, உப்புப் போட்டு இருந்தது. சினை தனியாக ஒரு கிண்ணத்தில்.

“இருந்துச்சுப்பா. நல்லாத் தெரிஞ்சுது” என்றாள்.

இருதயராஜ் சட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “அப்ப சரி” என்றார்.

சாப்பாட்டில் ஒருவரும் பேச முடியவில்லை. லப்பைக்குடிக்காட்டு பாய் சொன்னது சத்தியம். பஞ்சு மாதிரி சதை, ஒவ்வொரு வாய்க்கும் முள். கல்யாணத் தேதி, மண்டபம், யார் யாரை அழைப்பது என்று எதிலும் சண்டை வராததற்கு அந்த முள்தான் காரணம், எல்லாரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். மாமாவுக்குத் தொண்டையில் முள் மாட்டி, சோற்றுருண்டையை விழுங்கவைத்து, முதுகில் குத்தி, பெரிய ரகளை. இருதயராஜ் ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடி, “இதான். இதேதான்” என்றார். கண் கலங்கியிருந்தது. கடைசியாக அவர்கள் வீட்டுக்கு உள்ளம் வந்தபோது அவர் இடுப்புக் குழந்தை என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் பிலோமி சொன்னாள். அங்கே டார்ச் அடித்துப் பார்த்த ஒருத்தரும் அந்த மீனைப் பார்த்ததில்லையாம்.

“சரி, கழுவுனப்ப அடியில பொட்டு இருந்துச்சா இல்லையா?” என்று அதைச் சொன்ன அன்றைக்கே அவளிடம் கேட்டேன். “இருந்துச்சுங்க. எம்மாம் பெருசு!” என்றாள். அப்புறம் ஒரு சண்டையின்போது, “பொட்டாவது மண்ணாவது! கண்ட மீனக் கொண்டாந்து எந்தலையில கட்டிட்டீங்க. ஏமாந்தது நாந்தான்” என்றாள். அதிலிருந்து எனக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. வீட்டில் வானிலை எப்படி என்று தெரிந்துகொள்ள அந்தக் கேள்வியைக் கேட்பேன். நல்ல நாளில் பொட்டு இருக்கும். நான் சொல்லாமல் கொள்ளாமல் யாரையாவது சாப்பிடக் கூட்டி வந்த நாளில் இருக்காது. மகள் பிறந்த அன்று, “அரைப் பொட்டு” என்றாள். மீதி அரை எங்கே என்றால், தொட்டிலைக் காட்டினாள். உண்மை என்ன என்று எனக்குத் தெரியவே தெரியாது. பார்த்த ஆள் அவள் ஒருத்திதான்.

இருதயராஜ் மாமனார் போய்விட்டார். சூசை மாமாவுக்கு இப்போது காது கேட்பதில்லை, உள்ளம் என்றால் வெள்ளமா என்கிறார். உபதேசியார் ஊரைவிட்டு மகனோடு போனவர்தான், சேதியில்லை. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள், பத்திரிகையெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது. கொள்ளிடத்தில் மணல் போன பள்ளங்களில் கருவை நிற்கிறது. தண்ணீர் வந்தால் டிவியில் காட்டுகிறார்கள். இப்போது அந்த ஊரில் பூ வைக்கப் போகிறவர்கள் ஸ்வீட் பெட்டி கொண்டு போகிறார்கள்.

போன வருஷம் பிலோமியைத் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அந்த நாட்களில் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் தாங்காது என்று பயம். ஒரு மத்தியானம் அவளே கேட்டாள். “என்ன, இந்தத் தடவ பொட்டப் பத்திக் கேக்கவே இல்ல?”

“சொல்லு. இருந்துச்சா?”

அவள் சிரித்தாள். முழங்காலில் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தவள், அன்றைக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தாள். “உண்மையச் சொல்லட்டுமா? இங்க வேணாம். வூட்டுக்கு வந்து சொல்றேன்” என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கூடம் கொள்ளாத கூட்டம். எல்லாரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி, குனிந்து, ஒரு தடவை கேட்டேன்.